பட்டை போட்ட ஜெனரேட்டர்

எனக்குக் கோபம் அதிகம். புனேயின் காம்ப் பகுதியில் இருக்கும் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதனால் இரண்டு பக்கமும் பார்த்து, ஆற அமர, நியாயமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இது ஒரு டீசல் ஜெனரேட்டரைப் பற்றியது. அது என் கணவரின் மூச்சைக் கெடுத்தது. அதை எங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு நேரே கொண்டுவந்து வைத்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள், படித்தவர்கள். அவர்களில் சிலர் பூமியைக் காப்பாற்றுவதற்காகச் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களில் ஒருவரைக்கூட எனக்கு இன்றுவரை பிடிக்காது.

என் கணவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காம்பில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார். கணக்கு சோற்றுக்கு, பாட்டுதான் உயிர். எங்கள் சபையின் தமிழ் ஆராதனைக்குப் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். ஒவ்வொரு டிசம்பரிலும் கேரல் ஆராதனையன்று மாலையில் கோயில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுவார்கள். வாசலில் இவர் ஒற்றை மெழுகுவர்த்தியோடு நிற்பார். கீபோர்டு கிடையாது, துணைக்கு யாரும் கிடையாது. முதல் சரணத்தைத் தனியாகப் பாடிக்கொண்டே உள்ளே நடந்து வருவார். அந்தச் சரணத்தின் கடைசி வரி நீளமானது, நடுவில் ஏறி இறங்கும். அதை ஒரே மூச்சில் முடிப்பார். வரி முடிகிறவரை கோயிலில் ஒருவரும் அசையமாட்டார்கள். வருடம் முழுக்க என்னோடு குடித்தனம் நடத்தும் மனிதர் இவர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். அவ்வளவு பெருமை எனக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விஷ்ராந்த்வாடியில், ஆலந்தி ரோட்டை ஒட்டிய ஒரு வளாகத்தில், தரைத்தளத்தில் வீடு வாங்கினோம். அப்போதெல்லாம் பேங்கில் வீட்டுக் கடன் கேட்பது பெண் கேட்கப் போவதைவிடக் கஷ்டம். மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லாமலேயே மேலும் கீழும் பார்த்தார். ஜாமீனுக்கு ஆள் கொண்டா, இந்தக் காகிதம் கொண்டா, அந்தக் காகிதம் கொண்டா என்று பல மாதம் அலைக்கழித்தார். கடைசியில் கொடுத்தது தரைத்தளத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. எனக்கு வருத்தம் இல்லை. படுக்கையறைக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை இருந்தது. அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு கொய்யா வைத்தேன். புனேயில் அந்த நாட்களில் ஏப்ரல், மே தவிர மின்விசிறியே அதிகம் போடமாட்டோம். சன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

பத்து வருடத்துக்குள் பேங்குக்காரர்களின் குணம் தலைகீழாக மாறியது. வீட்டுக்கே போன் செய்து இந்தியில் கெஞ்சினார்கள். கார் லோன் வேண்டுமா, ஏசி தவணையில் வேண்டுமா, ஃபிரிட்ஜை மாற்றுகிறீர்களா, ஒரு கையெழுத்து போதும் மேடம் என்றார்கள். மேல் தளங்களுக்கு சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஐடி பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கார் வந்துவிடும். இங்கிருந்து கடைக்குப் போகக் கூட கார். ஒரு வீட்டில் ஏசி வைத்தால், அதன் சூடு மேல்வீட்டுச் சன்னலுக்கு அடிக்கும், உடனே அவர்களும் ஏசி வைப்பார்கள். கட்டடத்தின் முதுகு முழுக்க வெள்ளைப் பெட்டிகள் முளைத்தன. அவற்றின் தண்ணீர் சொட்டி என் கறிவேப்பிலை அழுகியது. கேட்டால், "சாரி ஆன்ட்டி" என்பார்கள். அந்த ஆன்ட்டியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் அவர்கள் சோற்றைத்தான் தின்றேன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஐடி கம்பெனிகள் முளைத்த கராடிப் பகுதியில் ஒரு கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் சேர்ந்தேன். லண்டனில் இருக்கும் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வேலையை இங்கே குறைந்த கூலிக்குச் செய்துகொடுப்பது எங்கள் தொழில். லண்டனில் ஒருவர் வழுக்கி விழுந்தால் கராடியில் ஒரு பெண் அதைத் தட்டச்சு செய்வாள். அவளைக் கூட்டிவர ஒரு டாக்சி, கொண்டுபோய் விட ஒரு டாக்சி. உள்ளே மே மாதத்திலும் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அளவுக்கு ஏசி. ஸ்வெட்டரையும் கம்பெனியே கொடுத்தது. டீ, டாக்சி, டீசல் மூன்றும் என் பொறுப்பு. டீசல் எதற்கு என்றால், கட்டடத்துக்குப் பின்னால் நின்ற ஜெனரேட்டருக்கு. மகாராஷ்டிராவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. இங்கே கரன்ட் போனால் லண்டனுக்குக் கோபம் வரும். அதனால் அந்த இயந்திரம் பாதி நாள் ஓடிக்கொண்டே இருக்கும். பழையது, வேறெங்கோ ஓடித் தேய்ந்தபின் வந்தது. கிளப்பும்போது கரும்புகை கக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட இளையவர், கட்டடப் பராமரிப்பு மேலாளர். வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசுவார். எங்கள் வளாகத்திலேயே மூன்றாம் மாடியில் வீடு வாங்கி, வந்த வேகத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் ஆகிவிட்டார். ஆக, அலுவலகத்திலும் அவர் முகம், வீட்டிலும் அவர் முகம்.

ஆயுதபூஜைக்கு அலுவலகத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஜெனரேட்டருக்குப் பூஜை போடுவார்கள். வெளியே டாக்சி ஓட்டும் மராத்திக்காரர்கள் வண்டிக்குச் செவ்வந்தி மாலை கட்டுவார்கள், உள்ளே நம்மவர்கள் பூசணிக்காய் உடைப்பார்கள். நான் வேதக்காரி, ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் பொரி வாங்கிக்கொள்வேன். ஒரு வருடம் மழை விடவில்லை. இயந்திரத்தின் மேல் இழுகிய விபூதியும் சந்தனமும் பத்து நிமிடத்தில் கரைந்து ஓடின. கோயம்புத்தூர்க்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து எண்ணெய் பெயின்ட் எடுத்துவந்து, இயந்திரத்தின் நெற்றிபோல இருந்த இடத்தில் வெள்ளையாக மூன்று பட்டை இழுத்து, நடுவில் சிவப்பாகப் பொட்டும் வைத்துவிட்டார்.

"இனி எந்த மழை வந்தாலும் அழியாதுங்க மேடம்," என்றார்.

அழியவில்லைதான்.

சில மாதம் கழித்து லண்டனிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். எங்களிடம் வேலை வாங்கும் கம்பெனியில், உலகம் முழுக்க அவர்களால் எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. விமானத்தில் ஊர் ஊராகப் பறந்து இதைப் பார்த்தார். பட்டை போட்ட ஜெனரேட்டரின் முன்னால் நின்று, இது என்ன குறி என்று கேட்டார். கோயம்புத்தூர்க்காரர் கண் இமைக்காமல், "பாதுகாப்புக் குறி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாள் தலையாட்டிவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

போகும்போது எங்கள் கம்பெனியும் கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். டீசல், டாக்சி, ஏசி எல்லாவற்றையும் சேர்த்தேன். எங்கள் பெரிய மேலதிகாரி, டில்லிக்காரர், அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"டாக்சி நம்முடையதா? ஒப்பந்தக்காரருடையது. எடுத்துவிடுங்கள்," என்றார். எடுத்தேன். "ஏசி கட்டடச் சொந்தக்காரருடையது. அதையும் எடுங்கள்." எடுத்தேன். மிஞ்சியது ஜெனரேட்டர். அது மட்டும் கம்பெனியின் சொந்தச் சொத்து, மறைக்க முடியாது. கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அதை விற்றுவிடுவோம். புதிதாக ஒன்றை வாடகைக்கு எடுப்போம். அப்போது டீசலும் வாடகைக்குக் கொடுக்கிறவரின் கணக்கில் போய்விடும்," என்றார். காதில் விழுந்தது எனக்குத் தமாஷாகத்தான் இருந்தது. ஒரு லிட்டர் டீசல்கூடக் குறையாமல் கார்பன் காணாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பழையதை யாருக்கு விற்கிறார்கள் என்று கோயம்புத்தூர்க்காரரிடம் கேட்டேன். "பார்ட்டி ஒண்ணு ரெடியா இருக்குதுங்க மேடம்," என்றார். ஏதோ காயலான் கடை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே எங்கள் வளாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். நானும் என் கணவரும் கோயிலிலிருந்து நேரே வந்து, கார்களுக்கு நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். செயலாளர் எழுந்து, மின்வெட்டால் எல்லாருக்கும் கஷ்டம், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு அழைப்புகள் பாதியில் அறுந்துபோகின்றன, ஏசி இல்லாமல் தூக்கம் இல்லை, ஆகவே சங்கமே ஒரு ஜெனரேட்டர் வாங்கலாம் என்றார். பணம் பற்றிக் கவலை வேண்டாம், பேங்க் கடன் கொடுக்கத் தயார், மாதச் சந்தாவோடு சேர்த்துக் கட்டினால் தெரியாது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. முன்பக்கம் முழுக்கக் கார். ஒருவரும் தன் காரை ஓர் அடிகூட நகர்த்தத் தயாரில்லை. எல்லாருடைய கண்ணும் மெதுவாகப் பின்பக்கம் திரும்பியது.

நான் எழுந்துவிட்டேன். "அரே, அது எங்க பெட்ரூம் ஜன்னல். அங்க வச்சா புகை எல்லாம் ஏக்தம் நேரா உள்ளதான் வரும். கேட் பக்கம் வைங்க."

"அங்க பார்க்கிங்குங்க மேடம்," என்றார் செயலாளர்.

"கார் மூச்சு விடாது. நாங்க விடறோம்."

சிலர் சிரித்தார்கள். எதிர் பிளாக்கில் இருந்த ஓய்வுபெற்ற மராத்திக்காரர் ஒருவர், அக்காவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, "தாயி, தோடா அட்ஜஸ்ட் கரா," என்றார். கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று அர்த்தம். விட்டுக்கொடுக்கச் சொல்கிறவர்கள் ஒருநாளும் அந்த இடத்தில் படுத்துத் தூங்குகிறவர்களாக இருப்பதில்லை. அதையும் அவருக்கு மராத்தியிலேயே சொன்னேன். புகைக்குழாயை மொட்டைமாடிவரை ஏற்றிவிடுவதாகச் செயலாளர் வாக்குக் கொடுத்தார். என் கணவர் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"விடுளா. அவியகிட்ட மல்லுக்கு நிக்காத. குழாய் வைக்கோம்னுதான சொல்லுதாவ," என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். என் கை ஒன்றுதான் எதிராக இருந்தது. என் கணவர் இரண்டு பக்கமும் கை தூக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கிரேனில் தார்பாய் போட்டு மூடி அதைக் கொண்டுவந்தார்கள். கொய்யாவை வெட்டிவிட்டு, சிமென்ட் மேடை போட்டு, அதன்மேல் இறக்கினார்கள். நான் சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தார்பாயை உருவினார்கள். மூன்று வெள்ளைப் பட்டை. நடுவில் சிவப்புப் பொட்டு.

நேரே வெளியே போனேன். செயலாளர் மேலே வீட்டில் இருந்தார்; நான் கீழே நின்று கத்தியதில் இறங்கி வந்துவிட்டார். அவர் முகத்தில் கொஞ்சமாவது கள்ளத்தனம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சந்தோஷமாக இருந்தார்.

"ஏனுங் மேடம் கோவிச்சுக்கறீங்க? புதுசு வாங்கினா வெல எங்கயோ போயிருமுங்க. நம்ம கம்பெனியிலயே பேசி நம்ம சொசைட்டிக்கு முடிச்சுக் கொண்டாந்தனுங்க. இத்தன வருசத்துல ஒரு நாள் மக்கர் பண்ணலீங்க. ராசியான மெஷினுங்க."

"அதோட புகையை நான் ஆபீஸ்ல டெய்லி பாத்தேன். அது ஆகாதுன்னுதானே வித்தாங்க?"

"அது கணக்குக்காக வித்ததுங்க மேடம். மெஷினுக்கு என்னங்க கொறை?"

நான் அவரை என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "டீ சாப்பிடறீங்களா மேடம்?" என்றார்.

புகைக்குழாய் மொட்டைமாடிவரை ஏறவில்லை. முதல் மாடி உயரத்தில் ஒரு வளைவோடு நின்றுவிட்டது. மிச்சத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. காற்று அடிக்கும்போது புகை சுவரில் மோதித் திரும்பி எங்கள் அறைக்குள் நுழைந்தது. மேலே எல்லா வீட்டிலும் ஏசி ஓடும், கீழே இது உறுமும். துணி காயப்போட்டால் கரி. பைபிளைத் திறந்தால் பக்கத்தில் கரி. என் கணவருக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு பள்ளி மாடிப்படியை நின்று நின்று ஏறினார். ஒரு நாள் வகுப்பில் பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதாகப் பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். டாக்டர் காற்றுக்குழாய் சுருங்குகிறது என்று இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். புகையிலிருந்து தள்ளி இருங்கள் என்றும் சொன்னார். வீட்டை விட்டு எங்கே தள்ளி இருப்பது? வீட்டை விற்கலாம் என்று பார்த்தால், வருகிறவன் எல்லாம் முதலில் பின்பக்கச் சன்னலைத்தான் திறந்து பார்த்தான்.

அவர் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். ஆனால் பாட்டுப் பயிற்சியிலிருந்து வந்த ஒரு மாலையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசி வரி வரமாட்டேங்குது," என்றார். "பாதியில முட்டுது."

"டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கு. சரியாயிடும்," என்றேன்.

"ஆவணும். ஆவலன்னா என்ன செய்ய?" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

இதற்கு நடுவில் எங்கள் கம்பெனிக்கு விருது கிடைத்தது. கார்பனை வெகுவாகக் குறைத்ததற்காக. லண்டன் அம்மாள் தன் கையாலேயே கண்ணாடிக் கேடயம் கொடுக்க விமானம் ஏறி வந்தார். விழா மேடையில் இலை வரைந்த பச்சைப் பதாகை. எங்கள் கம்பெனி புதுக் கட்டடம் கட்டப் போகிறது, இந்த விருதைப் பார்த்து பேங்க் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிறது என்று டில்லிக்காரர் அறிவித்தார். பேங்கின் பெயரைச் சொன்னார். எங்கள் சங்கத்துக்குப் பழைய ஜெனரேட்டர் வாங்கக் கடன் கொடுத்த அதே பேங்க். அந்த ஜெனரேட்டரைக் கணக்கிலிருந்து கழித்ததற்கும் அவர்கள் கடன், அதையே கொண்டுவந்து ஓட்டுவதற்கும் அவர்கள் கடன். கணக்கு எழுதியவள் என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கை தட்டினார். அந்தப் பூங்கொத்தை அவர் தலையில் அடித்திருந்தால் இன்று கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக லண்டன் அம்மாளிடம் போய், சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வர முடியுமா என்று கேட்டேன். இந்திய வீட்டுச் சாப்பாடு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த வாரம் எங்கள் பகுதிக்கு மதியத்தில்தான் மின்வெட்டு. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"அவிய நம்ம வீட்டுக்கு எதுக்கு வராவ?" என்றார் என் கணவர்.

"சாப்பிட," என்றேன்.

பூமிக்காக அவர் இறைச்சியை விட்டுவிட்டாராம். ஆகவே தேங்காய்ச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். சாப்பாட்டு மேசையைப் படுக்கையறைச் சன்னல் தெரிகிற மாதிரி இழுத்துப் போட்டு, சன்னல்களை அகலத் திறந்துவைத்தேன். அம்மாள் நல்ல மனுஷி, அதை நான் மறுக்கவில்லை. கையாலேயே சாப்பிட்டார். என் கணவரிடம் பாட்டைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். டிசம்பரில் தனியாகப் பாடுவதை அவர் வெட்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தபோது கரன்ட் போனது.

மின்விசிறி சுற்றி நின்றது. சில நொடி அமைதி. பிறகு ஜெனரேட்டர் உதறிக்கொண்டு கிளம்பியது. மேசையில் தம்ளர்கள் அதிர்ந்தன. கரும்புகை சுவரில் மோதி, திரும்பி, நேரே சோற்றின் மேல் வந்தது. அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் கணவர் விருந்தாளிக்கு முன்னால் இருமக் கூடாது என்று எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே அவர் இருமியது உறுமலையும் தாண்டிக் கேட்டது.

அம்மாள் எழுந்து சன்னலிடம் போனார். வெளியே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் குறியை நான் பார்த்திருக்கிறேன்," என்றார்.

"உங்களுக்காக நாங்கள் ஓட்டிய இயந்திரம்," என்றேன் ஆங்கிலத்தில். "நீங்கள் கேடயம் கொடுத்தது இதற்குத்தான். அது எங்கும் போகவில்லை. அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது. அதே டீசல், அதே புகை. இப்போது என் கணவர் அதைக் குடிக்கிறார்."

அவர் கண்கள் கலங்கின. புகையாலா வேறெதனாலா, எனக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டாயா என்று என் மனம் துள்ளியது. இனி இவள் லண்டனுக்குப் போய்ச் சொல்வாள், இதை இங்கிருந்து தூக்குவார்கள், இந்த டிசம்பரில் அவர் பாடுவார் என்று அந்த ஒரு நிமிடம் நம்பினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மிகவும் மென்மையாகச் சொன்னார். "எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆனால் விற்றபிறகு இது நம் கணக்கின் எல்லைக்குள் வராது, இல்லையா? நான் எழுதினாலும் அதைப் போட இடம் கிடையாது." பிறகு, "சன்னலை மூடிவிடலாமே. உங்கள் கணவருக்காகத்தான் சொல்கிறேன்," என்றார்.

சன்னலை மூடினேன். அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. மூடிய அறையில் வேகும் என்பதால் ஏசி வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பேங்குக்குப் போன் செய்த மறுநாளே தவணையில் ஏசி வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை யாரும் ஜாமீன் கேட்கவில்லை. கரன்ட் போனால் எங்கள் ஏசியும் அந்த ஜெனரேட்டரில்தான் ஓடும். பாரம் ஏறினால் அது இன்னும் கறுப்பாகக் கக்கும். அந்தப் புகை உள்ளே வராமலிருக்கச் சன்னலை மூடி, சன்னலை மூடியதற்காக ஏசி போட்டு, ஏசிக்காக அதை மேலும் புகைய வைத்து நாங்களும் வாழ்ந்தோம்.

"இப்பத்தானுங்க மேடம் நம்ம பிளாக்குல எல்லா வீட்டுலயும் ஏசி ஆச்சு," என்று செயலாளர் வாழ்த்தினார்.

அந்த டிசம்பரில் என் கணவர் பாடினார். விளக்குகளை அணைத்தார்கள். வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றார். குரல் பழையபடிதான் எழும்பியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி வரி வந்தது. ஏறுகிற இடத்தில் நின்றது. ஒரு மூச்சு வாங்கினார், மீதியைப் பாடினார், மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நடுவுல மூச்சு வாங்கிட்டேன்ளா," என்றார் காதருகில்.

"யாருக்கும் தெரியல," என்றேன்.

"எனக்குத் தெரியும்லா."

ஆராதனை முடிந்து எல்லாரும் வந்து கை குலுக்கி, அருமையாகப் பாடினீர்கள் என்றார்கள். அடுத்த வருடம் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, மெழுகுவர்த்தியை வேறு யார் கையிலாவது கொடுத்துவிடுங்கள் என்று இவர் போதகரிடம் சொல்லிவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. போதகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மன்னிக்கச் சொல்லிக் கொடுத்த சபையில் பிறந்து வளர்ந்தவள்தான் நான். எனக்கு அது வரவில்லை.

அந்த வருட ஆயுதபூஜையன்று செயலாளர் குளித்துவிட்டு வந்து, ஜெனரேட்டரின் மங்கிப்போன பட்டைக்கும் பொட்டுக்கும் புது பெயின்ட் அடித்தார். பூசணிக்காய் உடைத்தார். பொரியும் கடலையும் வாழைப்பழமும் தட்டில் வைத்து, மூடியிருந்த எங்கள் கதவைத் தட்டினார். நான் கதவைத் திறந்துவிட்டு, தட்டை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து என் கணவர் மெதுவாக நடந்து வந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

செயலாளர் படியேறிப் போனபிறகு இவர் என் பக்கம் திரும்பினார். "வீடு தேடி வந்ததை," என்றார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன். "வேண்டாம்னு சொல்லப்படாதுளா," என்று முடித்தார்.